ஜாவா வீட்டு மாடி போர்ஷன்

கே.கே. நகரில் வீடு கட்டினவர் எவராக இருந்தாலும் ஒருநாள் மாடியில் ஒரு போர்ஷன் இழுத்து 'டு லெட்' பலகை மாட்டாமல் இருக்கமாட்டார். ஜாவா என்கிற கணினி மொழியும் அப்படித்தான். 1995-ல் சன் கம்பெனி ஊரறியக் கிரகப்பிரவேசம் நடத்திய வீடு அது. வீட்டுக்காரர் கொஞ்சம் ஆசாரம்: எண்ணா, எழுத்தா என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியாது.

அதே வருஷம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு மொழியை எழுப்பினார். முதலில் மோக்கா, அப்புறம் லைவ்ஸ்கிரிப்ட். ஜாவாவுக்கு மவுசு இருந்ததால் டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆக்கிவிட்டார்கள். கடலுக்கும் கடலைக்கும் என்ன சொந்தமோ, அவ்வளவு சொந்தம்.

1997-ல் நெட்ஸ்கேப்புக்கு பிரவுசரையே ஜாவாவில் எழுதிவிட ஆசை வந்தது. அதற்காக ஜாவாவுக்குள் ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் என்ஜின் செய்தார்கள். பிரவுசர் வரவேயில்லை, கல்யாணம் நின்றுபோய் சமையல்காரர் மட்டும் தங்கிவிட்ட மாதிரி என்ஜின் மிஞ்சியது. ஓரைலி புத்தக அட்டையில் நின்ற காண்டாமிருகத்தைப் பார்த்து அதற்கு ரைனோ என்று பெயர்.

2003-ல் ஜாவா வலைச் செயலிக்குள் வேறு மொழிக்காரர்களைக் குடிவைக்க முறைப்படி பேச்சு தொடங்கியது. பெண் பார்த்தது பிஎச்பி-யை. 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தபோது மணையில் உட்கார்ந்திருந்தது ரைனோ.

எங்கள் கம்பெனி அப்போது முனுசாமி சாலையில், ஒரு மாவு மெஷினுக்கு மேல். கீழே அரிசி அரைபடும்போது மேலே மானிட்டர் ஆடும். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில்லிங் எழுதிக்கொண்டிருந்தோம். ஆடித் தள்ளுபடி பத்தா, பதினைந்தா என்று முதலாளி காலை காபியில்தான் முடிவெடுப்பார். அதை ஜாவாவில் மாற்றுவதென்றால் கம்பைல், வார் ஃபைல், டாம்கேட் சர்வர் ரீஸ்டார்ட். அதற்குள் கூட்டம் பனகல் பார்க் வரை நிற்கும். எனவே கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி டேட்டாபேஸில் போட்டு, ரைனோவை விட்டுப் படிக்கச் சொன்னோம். அன்று எனக்கு நானே மேதை.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். முதல் பில் வந்தது: 'சேலை 3.0'. அந்த ரைனோ எண்ணிக்கை எதுவானாலும் புள்ளி வைத்துத்தான் திருப்பித் தரும். கவுண்டரில் ஒரு மாமி பில்லைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், "புள்ளிக்கு அப்புறம் சைபரா? அப்போ ப்ளவுஸ் பிட் கிடையாதா?" என்றார்.

புள்ளியை வெட்டி ஒட்டுப் போட்டோம். மறுவாரம் ஜூனியர் பையன், தள்ளுபடிக் கட்டத்துக்குள் ஜாவாவையே கூப்பிட முடிகிறதா என்று பார்க்க, சிஸ்டம்.எக்ஸிட் என்று அடித்துப் பார்த்தான். முடிந்தது. ஸ்கிரிப்ட் மட்டுமா நின்றது? டாம்கேட்டே படுத்துவிட்டது. மாடியில் குடிவந்தவன் கீழே இறங்கி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டான். கடையில் மூன்று மாடியிலும் பில் இல்லை.

2010-ல் வீடு ஆரக்கிளுக்குக் கைமாறியது. 2014-ல் ஜாவா 8-இல் ரைனோவைக் காலி செய்யச் சொல்லி நாஷோர்னைக் குடிவைத்தார்கள். நாஷோர்ன் என்றால் ஜெர்மனில் காண்டாமிருகம்; ஆள்தான் வேறு. புதியவர் நல்லவர், முழு எண்ணை முழு எண்ணாகவே தந்தார். புள்ளியோடுதான் வரும் என்று நம்பி நாங்கள் போட்ட ஒட்டு அதில் கிழிந்தது.

2018-ல் அவருக்கும் நோட்டீஸ். ஜாவாஸ்கிரிப்ட் வளர்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லையாம். 2020 செப்டம்பரில், ஜாவா 15-இல், பெட்டி படுக்கை வெளியே வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு ஆடியில் அதே ஜூனியர் போன் செய்தான். "சார், சர்வர்ல ஜாவாவைப் புதுசு பண்ணேன். என்ஜினைக் கூப்பிட்டா நல்-னு வருது."

"பழசையே திரும்பப் போடுடா. ஆடி முடியட்டும், பார்த்துக்கலாம்."

"எந்த வருஷத்து ஆடி, சார்?" என்றான்.