பின்னால் போய் எடுத்து வா!

கேள்வி: சுருக்கிய கோப்பை விரிக்கும் நிரலில், நகலெடுக்கும் பகுதி இன்னும் எழுதாத இடத்துக்குள் நீளும், எப்போதோ வரும் ஒரு சிக்கலுக்காக மெனக்கெட வேண்டுமா? (வாசகர், அக்கரப்பத்தனை)

பதில்: கட்டாயம் வேண்டும். வாட்டிய தேயிலைக் கொழுந்து மறுபடி பச்சையாகாது. சுருக்கிய கோப்போ ஒரு பைட்டும் பிசகாமல் திரும்பியாக வேண்டும். உங்கள் ஊர் ஓயா ஆற்றின் 'சலசலசல'வையே எடுப்போம். 'சல' என்று எழுதியபின், 'இரண்டெழுத்து பின்னால் போய் நான்கெழுத்து எடு' என்று கட்டளை வருகிறது. இருப்பதோ இரண்டுதான்! எழுத எழுத அதையே படித்தால் 'சலசலசல' கிடைக்கும். நான்கையும் ஒரே மூச்சில் அள்ளினால், இன்னும் எழுதாத இடத்தின் குப்பை உள்ளே வரும். 1996இல் வெளியான டிஃப்ளேட் என்ற சுருக்க விதிமுறை இத்தகைய கட்டளையை அனுமதிக்கிறது. அபூர்வமும் அல்ல: ஸ்கேன் செய்த தாளின் வெள்ளைப் பரப்பு முழுக்க இதே கதைதான். ஒவ்வொரு பைட்டாக நகலெடுத்தால் வேகம் குறையாதா என்பீர்கள். பின்னால் போகும் தூரம் எடுக்கும் நீளத்தைவிடக் குறையும்போது மட்டும் அப்படிச் செய்தால் போதும்.

சோதிக்கும்போது தூரம் 1, நீளம் 258 கொடுங்கள். தூரம் 32,768உம் கொடுங்கள். உள்ளீட்டை ஒவ்வொரு பைட்டாகவும் ஊட்டுங்கள். 'ச' போன்ற தமிழெழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட்; வெளியீடு அதன் நடுவில் வெட்டுப்படலாம். இதுவரை எழுதியதைத் தாண்டிப் பின்னால் போகச் சொன்னால், நிரல் மறுத்தே ஆக வேண்டும். அந்தச் சோதனையை முதலில் எழுதுங்கள்.