முதல் பாடம்: சிறுநீர்க் கோப்பை

கேள்வி: மாணவர்களுக்குக் கலைக் கோட்பாட்டை எங்கிருந்து தொடங்குவது? பிளேட்டோவிலிருந்தா?

பதில்: ஓவியம் நகலின் நகல் என்றவர் பிளேட்டோ. ஓவிய மாணவனிடம் முதல் நாளே சொல்லும் சேதியா அது?

சிறுநீர்க் கோப்பையில் தொடங்குங்கள். 1917-இல் கலைஞர் மார்செல் துஷாம் ஒரு பீங்கான் கோப்பையை மல்லாக்கக் கிடத்தி, ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு, நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். 6 டாலர் கட்டினால் யார் படைப்பையும் வைப்போம் என்றவர்கள், இதை மட்டும் வைக்கவில்லை. அழகும் வேண்டாம், கைத்திறனும் வேண்டாம், கலைஞன் தேர்ந்தெடுத்தாலே கலையா? பிள்ளைகள் சண்டை போடட்டும். நீங்கள் (கஷ்டம்தான்) வாயைத் திறக்காதீர்கள்.

அசல் கோப்பை தொலைந்துவிட்டது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருப்பது 1964-இல் செய்த நகல். இப்போது கூப்பிடுங்கள் பிளேட்டோவை.