துரைக்கு நாள் பார்த்துச் சொல்ல ஆளில்லை

2019 டிசம்பர் 26 காலை, திண்டுக்கல்லில் எங்கள் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஓர் உலக்கை தனியாக நின்றுகொண்டிருந்தது. பித்தளைத் தாம்பாளம், அதில் மஞ்சள் தண்ணீர், நடுவில் பூண் போட்ட உலக்கை. யாரும் பிடிக்கவில்லை. "பார்த்தியா? கிரகணம் விட்டதும் தானா விழும்" என்றாள் பெரியம்மா. வெளியே சூரியன் வளையலாகிக்கொண்டிருந்தது. உள்ளே ஊறுகாய் ஜாடி முதல் தயிர்ச்சட்டி வரை எல்லாவற்றின் தலையிலும் ஒரு தர்ப்பைப் புல்.

கிரகணம் விட்டது. உலக்கை விழவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. கடைசியில் இலை போட இடம் வேண்டுமென்று பெரியம்மாவே அதைத் தூக்கி மூலையில் சாத்தினாள். அடுத்த வாரம், விசேஷம் எதுவுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நான் நிறுத்திப் பார்த்தேன். சமர்த்தாக நின்றது. அடிப்பூண் தட்டையாக இருந்தால், கொஞ்சம் பொறுமையும் இருந்தால், எந்த உலக்கையும் எந்த நாளிலும் நிற்கும். ஆதாரத்தோடு பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தாள்.

"கிரகணத்தோட சக்தி ஒரு வாரம் இருக்கும்டா."

பெரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. இவளுக்கு முன்னோடிகள் பெரிய பெரிய ஆட்கள். நிலாவின் மேல் பூமியின் நிழல் விழுவதும், சூரியனை நிலா மறைப்பதும்தான் கிரகணம் என்று ஆரியபடர் கி.பி. 499 வாக்கிலேயே எழுதி வைத்துவிட்டார். பாம்பும் இல்லை, விழுங்கலும் இல்லை. அவருக்குப் பிறகு வந்த பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் கிரகணத்துக்கு நிழலை வைத்துத்தான் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு, அதே நூலில், ராகு இல்லை என்கிறவர்களை ஒரு பிடி பிடித்தார். ஊரே குளத்தில் முங்கி மந்திரம் சொல்லும்போது நீ மட்டும் நிழல் என்றால் எப்படி? கணக்குப் போடும்போது நிழல், நாலு பேர் நடுவில் ராகு. நானூறு வருஷம் கழித்து வந்த அல்பெரூனி இதைப் படித்துவிட்டு, மனுஷன் விஷயம் தெரிந்தவர்தான், ஊருக்குப் பயந்து இப்படி எழுதியிருக்கிறார் என்கிற மாதிரி இழுத்துச் சொல்லி வைத்தார். எங்கள் வீட்டில் பௌதிகம் படித்த மாப்பிள்ளை கிரகணத்தன்று வாய் திறக்காமல் பட்டினி கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரம்மகுப்தரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

இந்த ராகு விவகாரத்தில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை உண்டு. பெயர் கியோம் ஜோசஃப் யாசின்த் ஜான் பத்தீஸ்த் லெ ஜான்தி த லா கலசியேர். கூட்ஸ் வண்டி கடந்து போகக் காத்திருப்பது போல் இந்தப் பெயர் முடியக் காத்திருக்க வேண்டும். நாம் ஜான்தி துரை என்று வைத்துக்கொள்வோம். பாதிரியார் ஆவதற்குப் படிக்கப் போனவர், வழியில் வானியல் வகுப்பில் ஒதுங்கி, அங்கேயே தங்கிவிட்டார். பாரிஸ் அறிவியல் அகாதமியில் உறுப்பினர்.

வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும் காட்சி அபூர்வம். எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆளையே காணோம். பூமியின் பல மூலைகளிலிருந்து அதன் நேரத்தைக் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என வானியலாளர் ஹாலி சொல்லிவிட்டுச் செத்துப்போயிருந்தார். 1761 ஜூன் 6 முதல் வாய்ப்பு. அகாதமி ஆளுக்கொரு மூலையைப் பிரித்துக் கொடுத்தது. ஜான்தி துரைக்குக் கிடைத்தது புதுச்சேரி.

1760 மார்ச் 26 அன்று கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ். அங்கே தகவல்: பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடக்கும் சண்டையில் புதுச்சேரி மாட்டிக்கொண்டிருக்கிறது. துரை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் தொற்றிக்கொண்டார். கேரளக் கரையில் மாஹே பக்கம் வந்தபோதுதான் தெரிந்தது, ஜனவரியிலேயே புதுச்சேரி விழுந்துவிட்டது. (நாட்குறிப்பு எழுதியே பெயர் வாங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஜனவரி 12-இல்தான் காலமானார், ஊர் கைமாறியதைப் பார்க்காமல் நாலே நாள் முந்திக்கொண்டார்.) கப்பல் வந்த வழியே திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் பளிங்கு மாதிரி இருந்தது. வெள்ளியும் சொன்ன நேரத்துக்கு வந்தது. துரை மட்டும் நடுக்கடலில் ஆடும் பலகையின் மேல் நின்றுகொண்டு, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்று கூடச் சரியாகத் தெரியாமல், அதைப் பார்த்தார். கல்யாண வீட்டை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த மாதிரி. எதையும் அளக்க முடியவில்லை.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஊருக்குப் போய்ச் சேர்வோம். துரை, அடுத்தது எட்டு வருஷத்தில் வருகிறதே, இருந்தே பார்த்துவிடுவோம் என்று தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையை வரைபடம் போட்டார். 1769-க்கு மணிலாதான் தோது என்று கணக்குப் போட்டு 1766-இல் அங்கே போனார். ஸ்பானிய கவர்னர் அவரை ஒற்றன் போலப் பார்த்தார். பாரிஸிலிருந்தும் புதுச்சேரிக்கே போகச் சொல்லிக் கடிதம். 1768 மார்ச்சில் ஒருவழியாகப் புதுச்சேரி மண்ணை மிதித்தார். ஊர் அதற்குள் மறுபடி பிரெஞ்சு கைக்கு வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். அதன் நிலவறையில் 60,000 பவுண்டு வெடிமருந்து அடுக்கியிருந்தது. மேலே தொலைநோக்கி, கீழே வெடிமருந்து, நடுவில் துரை. சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கியைக் கடன் கொடுத்தார்கள். ஊரை இடித்த பாவத்துக்குப் பரிகாரம் போல.

இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, சும்மா இருப்பானேன் என்று உள்ளூர் ஜோசியர்களிடம் தமிழ்க் கணிதம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். அங்கேதான் அவருக்கு முதல் அதிர்ச்சி. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் தாள் இல்லை, இறகுப் பேனா இல்லை. ஒரு கைப்பிடி சோழி. தரையில் அதை அப்படியும் இப்படியும் நகர்த்தி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்து முடித்துவிட்டார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் அசரவில்லை.

முணுமுணுத்தது வாக்கியங்கள். நிலாவின் ஓட்டம் ஒரு நாள் வேகம், ஒரு நாள் மந்தம். அந்த ஏற்ற இறக்கம் 248 நாளில் ஒன்பது முறை சுற்றி ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. அந்த 248 நாளுக்கும் நாளுக்கொன்றாக 248 வாக்கியம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் நிலாவின் இடம் வந்துவிடும். அட்டவணையை மனப்பாடச் செய்யுளாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்தது.

துரை, ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்துச் சோதித்தார். கிரகணம் நீடித்த நேரம் சோழிக் கணக்கில் 41 விநாடி குறைந்தது. அன்றைக்கு ஐரோப்பாவே தலையில் வைத்துக் கொண்டாடிய வானியலாளர் தோபியாஸ் மாயரின் நிலா அட்டவணைப்படி 68 விநாடி கூடியது.

இந்த இடத்தில் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கும் சித்தப்பாக்கள் எழுந்து கைதட்டுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் உட்காருங்கள். 1825-இல் அதே புதுச்சேரியில், வாரன் என்பவர் இன்னொரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, மே 31 இரவு வரும் சந்திர கிரகணத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். அதே சோழி, அதே வாக்கியம். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். 41 விநாடியை ஃபார்வர்டு செய்கிறவர்கள் இந்த 52 நிமிடத்தைச் செய்வதில்லை. ஆனால் எனக்கு அந்த மனிதர் மேல்தான் பிரியம் அதிகம். ஏனென்றால், இந்தச் சாஸ்திரத்தின் தத்துவத்தில் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதியிருக்கிறார். ஏன் கூட்டுகிறோம், ஏன் கழிக்கிறோம் என்று தெரியாது; அவருடைய அப்பாவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் நிலா கிட்டத்தட்ட சொன்ன நேரத்தில் கறுக்கிறது. இன்னொரு வேடிக்கை: அந்த 248 நாள் சுற்று பாபிலோனின் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. 1952-இல் நாய்கெபாவர் என்ற கணித வரலாற்று ஆசிரியர் இந்தத் தமிழ்க் கணக்கை ஆராய்ந்து அந்த உறவைக் காட்டினார். நம் வீட்டுப் பரம்பரைச் சொத்து என்று பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே இராக் விலாசம்.

துரைக்கு வருவோம். 1769 மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி. கத்திரி முடிந்த கையோடு வரும் புதுச்சேரி வெயிலை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஜூன் 3 இரவு கவர்னர் லோ வந்து வியாழனின் நிலாக்களைப் பார்த்துப் பரவசப்பட்டுப் போனார். ஜூன் 4 விடியற்காலை துரை எழுந்து பார்த்தால், மேகம். சாதாரண மேகம் இல்லை, பந்தல் போட்ட மேகம். காற்று வேறு. ஏழு மணி வாக்கில் வெள்ளி சூரியனை விட்டு இறங்கியது. அதே ஏழு மணி வாக்கில் வானத்தில் லேசாக வெளுப்புத் தட்டியது. பிறகு மேகம் கலைந்து, அன்று முழுக்க வெயில் கொளுத்தியது.

மணிலாவில் அன்று காலை வானம் நிர்மலமாக இருந்ததாம். அதுவும் அவருக்குத் தகவல் வந்து சேர்ந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. பிறகு சீதபேதி. பிறகு புயல், திரும்பி வந்த கப்பல், வேறு கப்பல். பிரான்ஸ் எல்லையைத் தாண்டியபோது 1771 அக்டோபர் 8. அவர் கணக்கில் பதினோரு வருஷம், ஆறு மாதம், பதிமூன்று நாள். ஊரில் அவர் செத்துவிட்டதாகப் பேச்சு; வாரிசுகள் பங்கு பிரிக்கும் அவசரத்தில். அகாதமியில் அவர் இடம் இன்னொருவருக்குப் போயிருந்தது. அப்புறம்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சொத்தைக் கவனித்துக்கொண்ட ஆள், பணம் திருடுபோய்விட்டது என்று கையை விரித்தான். வழக்குப் போட்டார், தோற்று, செலவுத் தொகையும் கட்டினார். மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டாள் என்றும் ஒரு கதை உலவுகிறது. அது மட்டும் புளுகு. துரை திரும்பி வந்த பிறகுதான் கல்யாணமே செய்துகொண்டார்.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் சொன்னேன். உச்சுக் கொட்டினாள். "கிளம்பினது என்னிக்கு?"

கணக்குப் போட்டேன். 1760 மார்ச் 26, புதன்கிழமை.

பெரியம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று எத்தனை பேரைப் புதன்கிழமை பார்த்துக் கிளப்பிவிட்டிருக்கிறாள். "சூலம்?" என்றாள். புதனுக்குச் சூலம் வடக்கு. துரை போனது தெற்கே. "சரி, அந்த மேகம் போட்ட நாள்?" ஞாயிறு; ராகுகாலம் சாயங்காலம் நாலரைக்கு மேல்; வெள்ளி போனதோ காலையில். பஞ்சாங்கப்படி துரை மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் ஊர் ஜோசியரைக் கேட்டிருந்தாலும் இதே நாளைத்தான் குறித்துக் கொடுத்திருப்பார், தட்சிணையும் வாங்கியிருப்பார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். தோற்கிற முகம் இல்லை அது.

"அப்ப ஏழரைதான்."

"அவருக்குப் பதினொன்றரை வருஷம் பெரியம்மா."

"வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்படித்தான்."

அந்தச் சனி பகவானே இப்போது இரண்டு தேதியில் நடமாடுகிறார். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியம், அதே பழைய மனப்பாடக் கணக்கு. அதன்படி 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி. ஒரே கிரகம், கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். 52 நிமிடம் எவ்வளவோ தேவலை. எது சரி என்று பெரியம்மாவிடம் கேட்டேன். இது ஒரு கேள்வியா என்பது போல் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் போனாள். இரண்டு தடவையும் பஸ் டிக்கெட் எடுத்தது நான்தான். நளன் குளத்தில் முங்கியெழுந்து ஈரப்புடவையோடு எள் விளக்குகளை வரிசையாக ஏற்றினாள். வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஒரு விளக்கு கூடுதலாக இருந்தது.

"இது யாருக்கு?"

"உன் துரைக்கு. பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போயிருக்கான்."

கையிலிருந்த அர்ச்சனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் எல்லோருடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் கீழே, கடைசி வரியில், துரை என்று எழுதி, நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.