ஆறு நிற ஆர்டர்

எங்களைப் போன்ற ஆண்களுக்குத் திருப்பூர் தந்த முதல் விடுதலை, சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்த சம்பளக் கவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேனிப் பக்கமிருந்து வந்து கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். பவர் டேபிளில் தொழில் பழகி பேட்லாக் டெய்லரானேன். ஊரிலேயே இருந்திருந்தால் மீசை கறுத்ததுமே மாமன் மகளைக் கட்டி வைத்திருப்பார்கள். இங்கே ராயபுரத்து லைன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கூடத் தங்கியவர் உசிலம்பட்டிக்காரர், சாயப்பட்டறையில் வேலை. வீட்டுக்காரம்மா ஒரு தடவை கேட்டார்: "ஏஞ்சாமி, ரெண்டு பேரும் அண்ணந்தம்பிங்களா?" "இல்லீங்கம்மா, பக்கத்துப் பக்கத்து ஊருங்க" என்றார் அவர். வாடகை தேதி தவறாமல் போனது. அதற்கு மேல் கேள்வி வரவில்லை. தெருவில் எல்லா அறையிலும் நாலைந்து ஆண்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். இருவர் ஒரே பாயில் படுப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

அந்த அறையைத் தந்தது ஐரோப்பியச் சந்தை. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததையும், 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்ததையும் பழைய முதலாளிகள் இன்றும் சொல்வார்கள். உள்ளூருக்குப் பனியனும் ஜட்டியும் தைத்த ஊருக்கு ஆள் போதவில்லை. தெற்கு மாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். அதே 1978, ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் எங்களைப் போன்றவர்களுக்காகக் கையால் சாயமேற்றித் தைத்த எட்டு நிற வானவில் கொடி ஏறியது. அதில் அடர் ரோஸ் நிறத் துணி கடைகளில் போதிய அளவு கிடைக்காததால் அந்த நிறம் கழன்றது. அடுத்த வருடம் இன்னொன்றும் போய், ஆறு நின்றது. இதை வெகுகாலம் கழித்துப் படித்து என் உசிலம்பட்டிக்காரரிடம் சொன்னேன். "ரோஸ்தானே? ஒரே லாட்டுல போட்டுக் குடுத்திருப்பேனே" என்றார். தொழில்காரரின் உண்மையான வருத்தம் அது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் டி'எமிலியோ 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கூலி வேலை மனிதர்களைக் குடும்பத்தை நம்பிப் பிழைப்பதிலிருந்து விடுவித்தது, அதனால்தான் தன்பாலீர்ப்புள்ளவர்கள் தனி வாழ்க்கையும் தனி அடையாளமும் அமைத்துக்கொள்ள முடிந்தது என்பது அவர் வாதம். ராயபுரத்துக்கு அது பாதிதான் பொருந்தும். எங்கள் கூலி குடும்பத்தை விட்டு விலகவில்லை. மணியார்டராக அங்கேயே திரும்பிப் போனது. தங்கச்சி கல்யாணம், வீட்டுக்குத் தளம், கடைசியில் "உனக்கொரு கால்கட்டு". எங்களோடு பழகிய பலர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டுத்தான் திரும்பினார்கள். அந்த மனைவிமார் பட்ட பாட்டை யாரும் எழுதவில்லை. அதையும் சேர்க்காமல் எங்கள் கதையைச் சொல்வது நியாயமாகாது.

உலகம் எங்களை முதன்முதலில் எண்ணியது நோய்க்காக. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, 2003 முதல் கேட்ஸ் அறக்கட்டளையின் 'அவாஹன்' எச்.ஐ.வி. தடுப்புத் திட்டப் பணமும் தமிழ்நாட்டுக்கு வந்தது. 'எம்.எஸ்.எம்.' (ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள்) என்று ஒரு கட்டத்தில் எங்களைப் போட்டுக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கில் அன்பென்று ஒன்று கிடையாது. ஆனாலும் ஆணுறை வாங்கப் போன இடத்தில்தான் பகல் வெளிச்சத்தில் எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்தேன். செக்கிங்கில் வேலை பார்த்து, புடவை கட்டியதற்காகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஓர் அக்காவை அங்கேதான் மறுபடி சந்தித்தேன். 2008இல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தபோது அட்டை வாங்கிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர்.

2011 ஜனவரியில் நொய்யலைக் காக்க உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தீர்ப்பு சரியானது, ஆறு செத்துக்கொண்டிருந்தது. ஆனால் என் உசிலம்பட்டிக்காரருக்குப் போன வேலை அதன் பிறகு நிலையாக அமையவே இல்லை. பட்டறைப் புகையில் வந்த இருமல் மட்டும் தங்கிவிட்டது.

அதற்குச் சில வருடங்கள் கழித்து வானவில் வந்தது, ஆர்டராக. ஜூன் மாதம் மேலைநாட்டுக் கடைகளில் தொங்க வேண்டியதை நாங்கள் மார்கழிக் குளிரில் தைத்தோம். நெஞ்சில் ஆறு கோடு பிரிண்ட், குழந்தைகள் சைஸ் உட்பட. பக்கத்து மெஷின் பெண், "இதென்னங்கண்ணா டிசைனு?" என்றாள். "வானவில்லு கண்ணு" என்றேன். அதற்கு மேல் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை எனக்கு மெஷின் இருந்திருக்காது. அப்போது தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு உயிரோடு இருந்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியதை 2013இல் உச்ச நீதிமன்றம் திரும்ப இறுக்கியிருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அது நீங்கியபோது நாங்கள் ஒன்றரை ஷிப்டில் இருந்தோம்.

இன்றைய பிள்ளைகளிடம் செல்போன் இருக்கிறது. ஒடிசாப் பையனும் திண்டுக்கல் பையனும் ஆப் வழியாகச் சந்தித்து, உடைந்த இந்தியிலும் உடைந்த தமிழிலும் காதலிக்கிறார்கள். தாங்கள் யார் என்பதை இருபது வயதிலேயே சொல்லத் தெரிகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் அவர்கள் தங்குவது கம்பெனி ஹாஸ்டலில்; வாசலில் கேமரா, உள்ளே வார்டன். சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லை.

ஆர்டரும் நிலைக்கவில்லை. 2023இல் எதிர்ப்புக் கிளம்பியதும் அமெரிக்காவின் டார்கெட் தன் கடைகளில் சில வானவில் சரக்குகளை எடுத்துவிட்டது. 2025 ஜனவரியில் ஆண், பெண் என இரண்டே பாலினம் என்று கையெழுத்திட்ட அதே அமெரிக்க அதிபர், ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டார். வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊரில் ஷிப்டுகள் குறைந்தன.

கம்பெனிச் சுவரில் மட்டும் ஒரு தாள் இருக்கிறது. எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் நடத்தை விதிகள்: சாதி, மதம், திருமண நிலை, பாலியல் நாட்டம், சங்க உறுப்பினர் என எதைக்கொண்டும் பாகுபாடு கூடாது என்று ஒரே மூச்சில் சொல்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். என் சம்பளத்தில் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். அதன் சட்டத்தில் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளை, என்னை நம்பியிருக்கும் பெற்றோர். இருமலோடு வீட்டில் இருப்பவர் அதில் இல்லை. கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சொல் ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வர யார் கேட்பது? முன்பு கைமடிப் பிள்ளைகளை எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து வெளியேற்றியதில் வெளிநாட்டுப் பையர்களின் அழுத்தத்துக்குப் பங்குண்டு. அவர்கள் பேச்சு இந்த ஊரில் எடுபடும். வானவில் டி-ஷர்ட்டை அவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும். ஈ.எஸ்.ஐ. குடும்பப் பட்டியலில் அவர் பெயரை எழுத ஒரு வரி வேண்டுமென்று எங்களோடு சேர்ந்து டெல்லியில் கேட்கட்டும்.