சில்லறை மருத்துவ ரசீது: கோரும் காலம் பற்றிய ஓர் ஆய்வு

1. வரையறை

டாக்டர் பீஸ், மருந்துக்கடை பில், ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஆகிய மூன்றும் சில்லறை மருத்துவ ரசீது எனப்படும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோக் கூலியும், நோயாளிக்கு வாங்கிய இளநீரும், பார்க்க வந்த உறவினருக்கு வாங்கிய காபியும் மொத்தச் செலவில் பெரும்பங்கு வகித்தாலும் இவ்வகையில் சேரா. அவற்றுக்கு ரசீது இல்லை; வருத்தம் மட்டுமே உண்டு.

ரசீது கைக்கு வந்த நாளுக்கும் அது காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போய்ச் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட பொழுதே கோரும் காலம். சிலருக்கு அது ஒரு வாரம். சிலருக்கு ஒரு யுகம்.

2. விதி கூறும் காலம்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இங்கே மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே என்பதால் ஆய்வாளருக்கு அது வசதி. அதன்படி, வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்ட காய்ச்சலுக்குப் பணம் கிடையாது. நோயாளி குறைந்தது 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். பகலிலேயே முடியும் சில சிகிச்சைகளுக்கு மட்டும் விலக்கு. அப்படிப் படுத்துவிட்டால், அட்மிஷனுக்கு முந்தைய 30 நாளிலும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாளிலும் அதே நோய்க்கு ஆன சில்லறைச் செலவெல்லாம் உயிர்பெற்று எழும்.

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் உண்டு. திங்கட்கிழமை வாங்கிய காய்ச்சல் மாத்திரையின் பில் பணமா, வெறும் தாளா என்பதைத் திங்கட்கிழமை எவராலும் சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் அதே காய்ச்சலுக்கு நோயாளி அட்மிட் ஆனால் அது பணம், தேறிவிட்டால் தாள். ஒரு பொருள் இன்னதென்பதைப் பின்னால் வரப்போகும் நிகழ்ச்சி தீர்மானிப்பது தர்க்க நூல்களில் அரிது. மருந்துக்கடை வாசலில் அன்றாடம். வீட்டில் ஒருவர் சீக்கிரம் குணமானதால் பில் வீணாயிற்றே என்று உள்ளூர வருந்துவோரும் உண்டு. நாகரிகம் கருதி அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.

கெடுக்கள் நான்கு. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சையென்றால் 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். அவசர அட்மிஷனென்றால் 24 மணி நேரத்துக்குள், அல்லது டிஸ்சார்ஜுக்கு முன், எது முந்தியதோ அது. ஆஸ்பத்திரிச் செலவையும் அதற்கு முந்தைய ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் தர வேண்டும். பிந்தைய ரசீதுகளுக்கு, பின்சிகிச்சை முடிந்ததிலிருந்து 15 நாள். ஆகவே ஒரே நோய்க்கு இரண்டு கட்டு, இரண்டு கெடு. இரண்டாவது கட்டை மறப்பது மனித இயல்பு.

3. கோருவோர் வகை

கோருவோர் நால்வகைப்படுவர். முதல்வகையினர் முந்திரிக்கொட்டைகள். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வருமுன்பே க்ளெய்ம் பார்மை நிரப்பி, அந்தச் சம்மரி இல்லாததாலேயே திருப்பி அனுப்பப்படுவர்.

இரண்டாம் வகையினர் சேர்ப்பாளர்கள். எல்லாம் சேரட்டும், ஒரே தடவையாகக் கொடுப்போம் என்பது இவர்கள் கொள்கை. ரசீதுகள் சேரும், கெடுவும் கடந்துவிடும்.

மூன்றாம் வகையினர் போனஸ்காரர்கள். கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் காப்பீட்டுத் தொகை 5% கூடும், 50% வரை; கோரினால் அதே அளவில் குறையும். இதை எண்ணி, சின்னச் செலவுக்கெல்லாம் கை வைப்பானேன் என்று பெரிய நோய்க்காகக் காத்திருப்பர். கணக்கில் பிழையில்லை, காத்திருக்கும் பொருள்தான் விரும்பத்தக்கதன்று.

நான்காம் வகையினர் நினைவுகூர்வோர். அடுத்த தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போதுதான் இவர்களுக்குக் கோரும் எண்ணம் உதிக்கும்.

4. பஞ்சாங்கம் கூறும் காலம்

விதி நாளைச் சொல்கிறது, வேளையைச் சொல்வதில்லை. அக்குறையைப் பஞ்சாங்கம் நிரப்புகிறது. ராகுகாலத்திலும் எமகண்டத்திலும் க்ளெய்ம் பார்ம் கொடுப்பதைத் தவிர்ப்போர் பலர். ஆனால் உண்மையில் அஞ்ச வேண்டியது குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கை. க்ளெய்ம் விஷயத்தில் திரும்ப நடப்பது பணம் வருவதன்று, “இன்னொரு ஜெராக்ஸ் கொண்டு வாங்க” என்பதே.

அலுவலகம் திறக்கும் 10 மணி முதல் சாப்பாட்டு நேரம் வரை கணக்கிட்டால், திங்கள் 10.30 முதல் 12 வரை எமகண்டம்; செவ்வாய் 12 முதல் 1.30 வரை குளிகை, புதன் 10.30 முதல் 12 வரை குளிகை, பிறகு 1.30 வரை ராகுகாலம், வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகுகாலம். மூன்றும் தீண்டாத தொடர்ச்சியான மூன்று மணி நேரம் வியாழன் 10.30 முதல் 1.30 வரை கிடைக்கிறது. சனிக்கும் அதே பெருமை உண்டு. ஆனால் அன்று பல அலுவலகங்கள் விடுமுறை. ஆன்லைனில் கெடு நாளின் இரவு பதினொன்றே முக்காலுக்குப் பதிவேற்றுவோர் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படார்.

5. ரசீதின் ஆயுள்

கோருபவரைவிட ரசீது முதலில் மறையக்கூடும். மருந்துக்கடை பில் பெரும்பாலும் வெப்பத்தில் எழுத்து தோன்றும் தாளில் அச்சாவது. வெயிலும் சூடும் எண்ணெய்க் கையும் பட்டால் எழுத்து மங்கும். ஆகவே ஜன்னலோரக் காலண்டரின் பின்புறமும், விளக்கெரியும் சாமி படத்தின் பின்புறமும் பாதுகாப்பற்ற இடங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைப்பது உத்தமம். மிகுந்த முன்யோசனையோடு பில்லை லேமினேட் செய்வோருக்கு முழுக்கக் கறுத்த தாளே மிஞ்சும், ஏனெனில் லேமினேஷனே சூட்டால் செய்யப்படுவது. வாங்கிய அன்றே ஒரு நகல் எடுப்பதே இதற்கு மருந்து. ஒரிஜினலையும் எறியலாகாது, நிறுவனம் கேட்பது அதைத்தான்.

6. முடிவு

கெடு தவறியோருக்கும் கதி உண்டு. தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டுமே காட்டிக் கோரிக்கையைத் தள்ளக் கூடாதெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். தீபாவளி ஒட்டடை அக்காரணங்களுள் சேராது.

எனவே காய்ச்சல் வந்த அன்றே பில்லைப் பத்திரப்படுத்துக. டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே முதல் கட்டைக் கொடுத்துவிடுக. இரண்டாம் கட்டின் கெடுவைக் காலண்டரில் வட்டமிடுக. பில்லைக் காலண்டருக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்.