மலையை மட்டம் தட்டித் தரக் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
தினமும் மலையேறி வேலைக்குப் போகும் ஒரு பைக்காரன்,
போளூர் – ஜமுனாமரத்தூர் சாலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
மைலேஜ் சான்று வழங்கும் உயர் அதிகாரி அவர்கள்,
பரிசோதனைக் கூடம் (ஏ.சி. அறை).

பொருள்: ஸ்போர்ட்ஸ் பைக் – மைலேஜ் – சான்றிதழுக்குக் கீழ்ப்படிய மறுக்கும் ஜவ்வாது மலை மீது உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தினம் மலையேறுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். தாங்கள் சான்றளித்த எண்ணைக் காட்டித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். அந்த எண்ணை இன்றும் நம்புகிறேன். முத்திரை விழுந்த காகிதம் பொய் சொல்லுமா? ஆகவே, தாங்கள் சொன்ன கிலோமீட்டரில் முக்கால்வாசியைத் தாண்ட என் வண்டி முரண்டு பிடிக்கிறது என்றால், குற்றவாளி மலைதான். வேறு யாரைச் சொல்வது?

தங்கள் சோதனை முறையைப் பற்றிப் படித்துப் பிரமித்துப் போனேன். வண்டியை உருளைமேல் ஏற்றுகிறீர்கள். சக்கரம் சுற்றுகிறது; வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். எதிரே மின்விசிறி. ஓட்டுபவருக்கு 75 கிலோ என்று கணக்கு. உலகப் பொது அட்டவணை ஒன்றின்படி வேகம் ஏறுகிறது, இறங்குகிறது; சாலை மட்டும் ஏறுவதே இல்லை. வெளிவரும் புகையைப் பையில் பிடித்து, அதிலுள்ள கார்பனை அளந்து, எரிந்த பெட்ரோல் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறீர்கள். மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்த்து நாங்கள் போடும் கணக்கைவிட இது நுட்பமானது என்பதில் சந்தேகமில்லை.

இனி, மலை மீதான குற்றச்சாட்டுகள்.

முதல் குற்றம், உயரம். வண்டி, நான், பின்னால் ஒரு சக ஊழியர், எல்லாம் சேர்த்து 290 கிலோ என்று வையுங்கள். பெட்ரோலின் சக்தியில் கால்பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுமையை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 180 மில்லி பெட்ரோல் வேண்டும். முன்னால் நகர்வதற்கான செலவு இதில் சேராது. இது வெறும் தூக்குக்கூலி. உருளைமேல் ஓடும் வண்டியிடம் இந்தக் கூலியைக் கேட்க ஆளில்லை.

இரண்டாம் குற்றம், வளைவு. 155 சிசி யமஹா ஆர்15 போன்ற வண்டிக்கு முழுச் சக்தி 10,000 ஆர்பிஎம்மில். முழு இழுவிசை 7,500-இல். கொண்டை ஊசி வளைவில், ஹாரன் அடித்தபடி பாதி ரோட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு பஸ் இறங்கும்போது எந்த ஆர்பிஎம்மைப் பிடிப்பது? கியரைக் குறைத்து முறுக்க வேண்டும். முறுக்கியதை அடுத்த வளைவில் பிரேக்கில் தொலைக்க வேண்டும். காற்றைக் கிழிப்பதற்காகச் செய்த ஃபேரிங், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கொசுவைக்கூடக் கிழிக்காது.

மூன்றாம் குற்றம், பலாப்பழம். சீசனில் இந்த மலை யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது. பழத்தை டேங்க்மேல் வைத்தால் குட்டையான ஹேண்டில்பார் வளைவில் பழத்தில் இடித்துக்கொண்டு திரும்ப மறுக்கிறது. பின்சீட்டில் கட்டலாம் என்றால், அது முன்சீட்டைவிட ஒரு சாண் உயரம். பிரேக் பிடித்தால் பலாப்பழம் முதுகில் சாய்ந்து முள்ளால் குத்துகிறது. தங்கள் 75 கிலோ மனிதர் பலாப்பழம் ஏதும் வாங்குவதில்லை போலும்.

ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடிக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அதற்குத்தான் இங்கே பலரும் உச்சியிலிருந்து நியூட்ரலில் விடுகிறார்கள். பெட்ரோல் மிச்சமாம்! இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். எஞ்சின் தரும் பிடிமானமும் போய், முழுப் பாரமும் பிரேக் தலையில் விழும். வண்டி விற்கும் இடத்தில் இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

டேங்க் நிரப்பி நானே கணக்குப் பார்க்கலாம் என்றால், ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் டேங்கில் ‘ஃபுல்’ என்பது பங்க் ஊழியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

பெட்ரோலிலும் இப்போது 20 சதவீத எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டர் விலை மட்டும் நூறு ரூபாய்க்கு மேலேயே நிற்கிறது. பரவாயில்லை, இதையும் மலையின் கணக்கில் எழுதிவிடுங்கள். பழியைத் தாங்கும் அகலம் அதற்கு உண்டு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது.

ஆகவே ஐயா, ஜவ்வாது மலையை உடனடியாக மட்டம் தட்டி, சான்றிதழுக்கு இணக்கமான சமவெளியாக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தினர் ஆட்சேபிக்கலாம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நட்சத்திரத்தை அளக்க வந்தவர்கள் மலையேறி வந்தார்கள். மலையேறும் வண்டியை அளப்பவர்கள் மட்டும் கீழேயே இருக்கிறார்கள்.

நிதி நெருக்கடியால் மலையை அகற்ற இயலாது என்றால், மாற்றுக் கோரிக்கை ஒன்று உண்டு. எல்லா வண்டியையும் ஒரே தராசில் நிறுத்த உருளைச் சோதனை தேவைதான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடுங்கள்: இரண்டு பேர், ஒரு மூட்டை, தொடர்ந்த ஏற்றம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கோத்தகிரியிலும் தினம் வேலைக்குப் போகிறவர்களும் இந்த நாட்டில்தான் பெட்ரோல் போடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் மைலேஜுக்குக் கீழே, ‘சோதனைச் சூழலில்’ என்று எறும்பு அளவில் வரும் வரியையும் அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

ஒரகடத்திலும் ஒரு பரிசோதனை மையம் இருக்கிறது. அங்கிருந்து காஞ்சிபுரம், ஆரணி, போளூர் வழியாக ஒரே நாளில் வந்துவிடலாம். 75 கிலோ மனிதரையும் தவறாமல் அழைத்து வாருங்கள். பெட்ரோல் செலவு அவருடையது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சான்றிதழை நம்பியவன்.