லென் சொல்லும் கணக்கு

கேள்வி: பைத்தானில் ஒரு செட்டுக்குள் எத்தனை உறுப்புகள் என்று தெரிந்துகொள்ள ஃபார் லூப் ஓட்டுகிறேன். சரிதானே?

பதில்: விடை சரியாக வரும், உழைப்புதான் வீண். செட்டை லென் என்ற செயற்கூறிடம் கொடுங்கள், போதும். உறுப்பு சேரும்போதும் நீங்கும்போதும் செட் தன் கணக்கைத் தானே திருத்தி வைத்துக்கொள்கிறது. லென் அதைப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பத்து உறுப்பானாலும் பத்து லட்சமானாலும் ஒரே வேகம்.

கேள்வி: 1, 1.0, ட்ரூ மூன்றையும் செட்டில் போட்டால் லென் 1 என்கிறது. மற்ற இரண்டும் எங்கே?

பதில்: வாசலோடு சரி! பைத்தானுக்கு மூன்றும் சமம். ஹாஷ் மதிப்பும் ஒன்றே. முந்தி வந்ததற்கு இடம். கணக்கு இடித்தால் லென்மேல் பழி போடாதீர்கள். எதையெல்லாம் ஒன்று என்று மொழி கருதுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: ‘அம்மா’வில் மூன்று எழுத்து. செட்டாக்கி எண்ணினால் 4 வருகிறதே?

பதில்: யூனிகோடில் ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். இரண்டாவது ‘ம’வைச் செட் ஏற்காது, மிச்சம் 4. புள்ளியையும் துணைக்காலையும் அதனதன் ‘ம’வோடு ஒட்டி அ, ம், மா என்று முழு எழுத்தாக்கிய பிறகு செட்டில் போடுங்கள், 3 வரும். தமிழுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வேலையைத் தட்டிக்கழிக்கவே கூடாது. பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும் படிவம் குறிகளை எண்ணினால், நம் பெயர்தான் பாதியில் வெட்டுப்படும்.

கேள்வி: காலி செட் என்று நினைத்து வெறும் நெளிவு அடைப்பைப் போட்டேன். லென் 0 தந்தது. உறுப்பு சேர்க்கும் ஆட் மட்டும் மறுக்கிறது.

பதில்: அது டிக்‌ஷனரி. காலியாக இருந்தால் அதற்கும் லென் 0தான். அந்த அடைப்பை டிக்‌ஷனரி முன்பே பிடித்துவிட்டது. செட் மொழிக்குள் உள்ளமைந்த வகையாக வந்ததே 2004இல், பைத்தான் 2.4 பதிப்பில்தான். செட் என்று எழுதி, பக்கத்தில் காலி வட்ட அடைப்பு போடுங்கள்.

கேள்வி: கோடிக்கணக்கான பயனர்களை இரட்டிப்பில்லாமல் எண்ண வேண்டும். செட் தாங்குமா?

பதில்: நினைவகம் திணறும். ரெடிஸ் தரவுத்தளத்தில் ஹைப்பர்லாக்லாக் என்ற உத்தி இருக்கிறது. அது உறுப்புகளைச் சேர்த்து வைப்பதில்லை. 12 கிலோபைட்டுக்குள் தோராயக் கணக்கு தரும், திட்டப்பிழை 0.81 சதவீதம். எண்ணும் கட்டளை பிஎஃப்கவுண்ட். இந்த உத்தியைத் தந்த பிரெஞ்சு அறிஞர் ஃபிலிப் ஃப்ளாஜோலேயின் முதலெழுத்துகள்தான் அந்தப் பிஎஃப். தளத்துக்கு வந்தவர்களை எண்ண இது தாராளம். ஓட்டு எண்ண மட்டும் வேண்டாம். அங்கே ஒன்று குறைந்தாலும் குற்றம்!